அருளா, வேர்முடிச்சா?

கொழுஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுத வயலில் நெல் செழிக்கின்றதே, இதற்குக் காரணமென்ன என்று கேட்டால், "பூமாதேவியின் அருள்" என்கின்றார் ஒருவர். "பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்கின்றோம், காரணம் எதற்கு?" என்கின்றார் மற்றொருவர். இவ்விரண்டும் பதிலே அல்லவென்பதுதான் நமது அபிப்பிராயம்.

உண்மை என்ன? காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதுதான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாய் இறுகப் பிணைந்து கிடப்பதால், எந்தச் செடியும் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவே தாகத்தால் சாகிறவன் கதைதான்! அந்தப் பிணைப்பை மின்னல் சிறிது அறுக்கின்றது. ஆனால் கொழுஞ்சி, உளுந்து, நிலக்கடலை முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களோ அதை ஓயாமல் அறுத்து, அம்மோனியாவாக்கிச் செடிக்குக் கொடுக்கின்றன. செடி அதற்குக் கூலியாகச் சர்க்கரை கொடுக்கின்றது. இதில் அருளுக்கு என்ன வேலை?

இதைக் கண்டுசொன்னவர் எந்த ரிஷியுமல்ல. 1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர், கிருமி நீக்கிய மணலில் வாடிய பட்டாணிச் செடி, சிறிது மண்கரைசல் ஊற்றியதும் தழைப்பதைச் சோதித்துக் காட்டினார்கள். 1888-ல் ஹாலந்துக்காரர் பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். 1909-ல் ஹேபர் அதே வேலையை இயந்திரத்தில் செய்து காட்டினார். தொழிற்சாலையில் அதற்கு 400 டிகிரிச் சூடும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். முடிச்சுக்குள் இருக்கும் உயிரோ மண்ணின் சூட்டிலேயே செய்துவிடுகின்றது!

"காரணம் எதற்கு?" என்பவருக்கு ஒரு வார்த்தை. காரணம் தெரியாதவன் உளுந்துக்கும் யூரியாவை அள்ளிக் கொட்டுகின்றான். சத்து சும்மா கிடைத்தால் செடி கூலி கொடுக்குமா? முடிச்சு குறைகின்றது. காசும் போயிற்று, வேலையாளும் போனான்! காரணம் தெரிந்தவனோ விதையோடு ரைசோபியம் கலந்து விதைத்துச் செலவைக் குறைக்கின்றான்.

தோழர்களே! நாம் சொல்வதையும் நம்பவேண்டாம். பூக்கும் பருவத்தில் ஓர் உளுந்துச் செடியை வேர் அறாமல் தோண்டியெடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கின்றது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் நடக்கவில்லை. பூமாதேவியின் அருளை இப்படிக் கீறிக் காட்ட எந்தப் புரோகிதராவது முன்வருவாரா என்று கேட்கின்றோம்.