காணாமற்போனவர் ஒருவர் மட்டுமா?

கேமரன் மலைக்குச் செல்வோர் பெரும்பாலும் தானா ராத்தாக் கடைத்தெருவிற்குத்தான் முதலில் வந்து சேர்கின்றனர். 'சமநிலம்' என்று பொருள்படும் மலாய்ப் பெயரைத் தாங்கிய அச்சிற்றூர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கிடையே கிடைத்த ஒரு துண்டுச் சமவெளியில் ஒற்றை நெடுந்தெருவாக நீண்டு கிடக்கின்றது. கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் விடுமுறைக் கூட்டம் நெருக்கியடித்து நடக்கின்றது. தேயிலைப் பொட்டலம், ஸ்ட்ராபெரிப் பழம், அப்பழத்தின் வடிவிலேயே தைக்கப்பட்ட தலையணை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியன கைமாறுகின்றன. இன்னும் சற்று மேலே ஏறினால் பிரிஞ்சாங் பகுதியின் இரவுச் சந்தை. அங்கும் இவையேதான், விளக்கொளியில் சற்றுக் கூடுதலாக மின்னுகின்றன.

இவற்றோடு மற்றொரு சரக்கும் அத்தெருவில் விலைபோகின்றது. அதன் பெயர் வரலாறு.

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் கண்டு எழுதினார் என்பது அவ்வரலாற்றின் முதல் அதிகாரம். நாற்பதாண்டுகள் கழித்து ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதனை மலைவாழிடமாக்க முனைந்தார் என்பது அடுத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கையில் தேயிலைப் பயிர்த்தொழிலில் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பாரோடு சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார் என்பது மூன்றாவது. வெள்ளையர் தம் ஊர் நினைவில் கட்டிய விடுதி, அதன் கணப்படுப்பு, ரோஜாத் தோட்டம் ஆகியன இடையிடையே வரும் வண்ணப்படங்கள். இறுதியில் மர்மக்கதை ஒன்று வேண்டுமன்றோ? தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் நாள், 'மூன்லைட்' மாளிகையிலிருந்து உலாவச் சென்றவர் திரும்பவேயில்லை. காவல்துறை தேடிற்று, படையினர் தேடினர், காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த பூர்வகுடியினர் தேடினர், மறைபொருள் காண்பதாகச் சொல்லிக்கொண்டோரும் வந்து தேடினர். அரை நூற்றாண்டு கடந்தும் வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்தி அக்கதையைச் சொல்கின்றனர், கேட்போர் மெய்சிலிர்க்கின்றனர்.

காணாமற்போன ஒருவருக்காக இத்துணைப் பேர் கவலைப்படுவது நன்றே. ஆனால் அம்மலையில் காணாமற்போனவர் அவர் ஒருவர்தாமா?

தேயிலைத் தோட்டத்தைக் காணச் செல்வோர் அதனைப் 'பச்சைக் கம்பளம்' என வருணிப்பது வழக்கம். இயற்கையின் எழில் என்று அதனைப் போற்றுவோரும் உளர். இதைவிடப் பெரிய பொய் வேறில்லை. இயற்கையின் போக்கில் விட்டால் தேயிலைச் செடி மூன்று நான்கு ஆள் உயரத்திற்கு மரமாய் வளர்ந்துவிடும். அது இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைக் கவாத்து செய்த கத்தியும், மீண்டும் மீண்டும் அதன் தலையைக் கிள்ளிய விரல்களுமே. சரிவுகளில் வளைந்து வளைந்து ஓடும் அவ்வரிகள் ஓவியன் தீட்டியவை அல்ல. கொழுந்து பறிப்பவள் கால் வைத்து நிற்க வேண்டிய இடைவெளிகள் அவை. காட்டை வெட்டி, எரித்து, வேர் பிடுங்கி, மண் சரியாதிருக்க வாய்க்கால் வெட்டி, நாற்று நட்டு, முதற் கொழுந்துக்குச் சில ஆண்டுகள் காத்திருந்து உருவாக்கப்பட்டது அக்காட்சி. நிழற்படக் கருவிக்குள் அகப்படுவது மலையன்று, உழைப்பு. அவ்வுழைப்பில் பெரும்பகுதி தமிழருடையது.

விடியுமுன் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, முதுகில் கூடை தாங்கி, பனியில் நனைந்த செடிகளுக்கிடையே முழங்கால் வலிக்க ஏறி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் போட்டனர் பெண்கள். பச்சைக் கொழுந்து நான்கைந்து கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல் என ஆலையில் நிகழும் வேலைகளைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று காணும் பயணி, ஆலை வாயிலுக்கு அக்கொழுந்து வந்து சேர்ந்த வழியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு மலையேறிய தாயைப் பற்றி அவன் கேட்கவும் இல்லை. அவனுக்குச் சொல்வோரும் அரியர்.

தானா ராத்தாத் தெருவும் அத்தகையோரின் காசால் வளர்ந்ததே. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் திறந்துவிடப்பட்ட பின்னர், அரிசியும் பருப்பும் மேலே ஏறின. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. மலாயாத் தோட்டப்புறம் எங்கும் இருந்த வழக்கத்தையே இங்கும் காணலாம். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தெரு நிறையும். மளிகைக் கடையின் கடன் புத்தகத்தில் முன்மாதத்துப் பற்றைக் கழித்து, மிஞ்சிய சில்லறையில் பிள்ளைக்கு ஒரு சட்டைத் துணி, சாமிக்குச் சூடம் சாம்பிராணி, ஊருக்குப் பணம் அனுப்பச் சில வெள்ளி என்று கணக்குப் பார்த்தவர்களின் தெரு அது. வெள்ளைத்துரை மாதம் ஒருமுறை வந்து வாங்கிய பிஸ்கோத்து டின்னால் எந்தக் கடையும் பிழைத்ததில்லை. இன்றும் அத்தெருவில் வாழையிலைச் சோறும் தோசையும் கிடைப்பதைக் கண்டு பயணிகள் வியக்கின்றனர். இவ்வளவு குளிரில், இவ்வளவு உயரத்தில் தோசைக்கல் எப்படி வந்தது என்று மட்டும் எவரும் வியப்பதில்லை.

கேமரன் மலைத் தேயிலையின் காலக்கணக்கை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தோட்டம் தோன்றிய ஆண்டு 1929. உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்தது 1938 சூன் மாதம். எனவே கங்காணிகளின் பின்னே கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழ்த்தொழிலாளரின் நெடிய வரிசையில், இம்மலைக்கு வந்து சேர்ந்தோர் கடைசிப் பத்தாண்டுகளின் மக்கள். கீழே ரப்பர்த் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை ஊன்றியிருந்தது. மேலே அப்போதுதான் காடு வெட்டப்பட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது மலாயாவிலிருந்து பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்ட அதே ஆண்டுகளில்தான் இம்மலையில் நாற்று நடப்பட்டது. அதன் பின் போர், சப்பானியர் ஆட்சி, அவசரகாலம், விடுதலை.

விடுதலைக்குப் பிறகு வந்ததுதான் பெரிய காணாமற்போதல். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை 1969இல் நடைமுறைக்கு வந்தது. பிறப்புச் சான்று என்பது ஒரு தாள். அத்தாளின் மதிப்பு லயத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாடெங்கும் தோட்டப்புறங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் கப்பலேறின. பிறந்த மண்ணில் அயலாராகிப் பார்த்தறியாத மண்ணுக்கு 'ஊர் திரும்பிய' அம்மக்களைத் தேடிப் படை புறப்படவில்லை. ஜிம் தாம்சன் மறைந்து இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. அவர் பெயரைப் பயணக் கையேடுகள் மறவா. இவர்களின் பெயர்களோ பிரட்டுப் புத்தகங்களிலேனும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

இங்கே சிலர் மறுப்புரைப்பர். விடுமுறைக்கு வருபவனிடம் துயரக்கதை சொல்லலாமா என்பது அவர்களின் கேள்வி. ஜிம் தாம்சன் கதை மட்டும் நகைச்சுவையா? துயரம் விலைபோகாது என்பதன்று சிக்கல். யாருடைய துயரம் என்பதே சிக்கல்.

இன்று கொழுந்து பறிப்போர் வங்காளதேசத்தினரும் நேப்பாளியரும் இந்தோனேசியருமாயிற்றே, தமிழருக்கு அங்கு என்ன உரிமைக்குரல் என்று வேறு சிலர் வினவுவர். இருவர் பிடித்துச் செல்லும் வெட்டுப்பொறி வந்துவிட்டது. கூடை முதுகுகள் குறைந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து வெளியேறிவிட்டனர் என்பதெல்லாம் மெய்யே. ஆயினும் முன்னவரின் கதை பதிவாகாத இடத்தில் பின்னவரின் கதையும் பதிவாகாது. இன்றைக்கு லயத்தில் உறங்கும் வங்காளியும் நாளைக்கு ஒரு நிழற்படத்தின் ஓரத்தில் பெயரற்ற தலைப்பாகையாகவே நிற்பான். தமிழருக்கும் முன்னரே அக்காடுகளில் வாழ்ந்த செமாய், தெமியார் மக்கள் 'வழிகாட்டிகள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டதும் இதே முறையில்தான். இதனைத் தமிழர் மறந்து பேசுவது நேர்மையாகாது.

மூன்றாவது மறுப்பு தமிழரிடமிருந்தே வருவது. எல்லாவற்றிலும் கொடியது அதுவே. "கூலிக் காலத்தை ஏன் கிளற வேண்டும்? பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆகிவிட்டனர்; பழைய கதை பேசினால் அவர்களுக்குத் தலைகுனிவு" என்பர். கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் விடுமுறைதோறும் தமிழ்ச் சங்கங்களின் பேருந்துகள் மலையேறுகின்றன. பெண்கள் பட்டுடுத்தித் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். ஆலயத்தில் ஓர் அருச்சனை, சந்தையில் ஒரு பை பழம், உணவகத்தில் ஒரு சாப்பாடு, பிறகு திரும்புபயணம். படம் பிடிக்க நின்ற அதே வரியில் தன் பாட்டி அட்டைக்கடியோடு நின்றிருக்கக் கூடும் என்ற எண்ணம் எத்தனை பேருக்கு எழுகின்றது? எழுந்தாலும் எத்தனை பேர் அதைப் பிள்ளையிடம் சொல்கின்றனர்? சுரண்டியவனின் பேரன் தன் தாத்தா கட்டிய மாளிகையைப் பெருமையோடு காட்டுகின்றான். உழைத்தவளின் பேரன் தன் பாட்டியின் கூடையை ஒளித்து வைக்கின்றான். நாணவேண்டியவன் நாணவில்லை. நாணத் தேவையற்றவன் தலைகுனிகின்றான். இத்தலைகீழ்க் கணக்கைச் சுற்றுலாத் தொழில் படைக்கவில்லை. கிடைத்ததை அது பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவே.

மில்ன் இலங்கையிலிருந்து தேயிலை அறிவைக் கொணர்ந்தார் எனப் போற்றுவோர், அதே இலங்கையின் மலையகத் தமிழர் செய்திருப்பதையும் ஒருமுறை பார்க்கலாம். கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் ஆக்கியுள்ளனர். கூடை, கத்தி, அம்மி, பித்தளைக் குடம், கங்காணியின் பிரம்பு என அன்றாடப் பொருள்களே அங்குக் காட்சிப்பொருள்கள். 2023இல், இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்து இருநூறாண்டு நிறைந்ததையொட்டி, முன்னோர் நடந்து மாண்ட வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்றனர். வறுமையில் மலேசியத் தமிழரைக் காட்டிலும் பன்மடங்கு துன்புற்றவர்கள் அவர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கில் நாடுகடத்தப்பட்டவர்கள். அவர்களால் இயன்றது, வசதிபடைத்த மலேசியத் தமிழ் அமைப்புகளால் இயலாமற்போனதேன்?

தெருவுக்கு ஒரு பலகை நட்டால் போதும் என்று கருதுவோருக்கும் ஒரு சொல். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008 சூலையில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோதே பழைய குடித்தனக்காரர் பலர் அவ்வீதிகளைவிட்டு வெளியேறத் தொடங்கிவிட்டனர். சுவரைக் காப்பாற்றிச் சுவருக்குள் வாழ்ந்தவரை இழப்பது மரபுப் பாதுகாப்பாகாது. தோட்டப்புறத்திலும் அதே அச்சம்தான். லயத்து வீடு வேலைக்கு உரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பதாண்டு மலையேறிய முழங்கால்கள் ஓய்வுபெறும் நாளில் ஒதுங்க ஓர் உரிமைக் கூரையைத் தேட வேண்டியதாகின்றது. அங்ஙனம் மலையிறங்கும் ஒவ்வொரு முதியவரோடும் ஓர் ஏடு இறங்கிப் போகின்றது.

செய்ய வேண்டியது பெருஞ்செலவினது அன்று. தானா ராத்தா, ரிங்லெட் ஊர்களிலும் போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. அவற்றின் சேர்க்கைப் பதிவேடுகள், ஆலயங்களின் திருவிழா வரவுசெலவுக் குறிப்புகள், கடைக்காரர்களின் கடன் புத்தகங்கள் ஆகியவற்றைக் கறையான் தின்னுமுன் படியெடுக்க வேண்டும். பாட்டிமாரின் பேச்சை ஒலிப்பதிவு செய்ய எழுத்தாளர் அமைப்புகள் இளைஞரை அனுப்ப வேண்டும். கவியரங்கம் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் அச்செலவு கிடைத்துவிடும். பயன்படாத லயத்தின் இரண்டு அறைகளைத் தோட்ட நிருவாகங்களிடம் கேட்டுப் பெறலாம். தேநீர்க்கூடம் கட்ட இடம் கண்ட மலையில் அதற்கும் இடமிருக்கும். சுற்றுலா செல்லும் தமிழ்ச் சங்கப் பேருந்துகள் சந்தையில் செலவிடும் மூன்று மணி நேரத்தில் ஒன்றைத் தோட்டத்துப் பள்ளிக்கோ லயத்திற்கோ ஒதுக்கட்டும்.

இதற்கும் குழு அமைத்து, குழுவுக்குத் தலைவர் தேர்ந்து, தலைவருக்கு மாலை சூட்டித் தொடங்கலாம் என்று எண்ணுவோர் நாட்காட்டியைப் பார்ப்பது நன்று. 1938இன் தடைக்கு முன் வந்த கடைசிக் கப்பல்களில் தாயின் மடியில் கிடந்த குழந்தைக்கு இன்று வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.