புள்ளி ஒன்று, கணக்கு இரண்டு

3.9, 3.10 – இந்த இரண்டில் எது பெரியது? கணக்கு வாத்தியார் தயங்காமல் 3.9 என்பார். 3.10 என்பதும் 3.1 என்பதும் ஒன்றுதானே! பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுபவரோ 3.10 என்பார். 3.9 பதிப்பு 2020 அக்டோபரிலும், 3.10 பதிப்பு 2021 அக்டோபரிலும் வெளிவந்தன. இருவர் சொல்வதும் சரிதான்.

சாப்ட்வேர் பதிப்பு எண்ணில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல. வீட்டுக் கதவில் 12/5 என்று எழுதுகிறோமே, அந்தக் கோடு போல வெறும் பிரிப்பான். அதன் பின்னால் வருவதைத் தனி எண்ணாகப் படிக்க வேண்டும். மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.9க்கு (2013) அடுத்து 10.10 (2014) வந்தது இப்படித்தான். பிராசசர் வேகம் அப்படியல்ல. அது அசல் தசமம். 3.6 கிகாஹெர்ட்ஸ், 3.35 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 3.6ஐ 3.60 என்று எழுதிப் பாருங்கள். எது வேகம் கூடியது என்று தெரிந்துவிடும்.

ஒரே கம்ப்யூட்டரில் ஒரே புள்ளிக்கு இரண்டு அர்த்தம் வைத்துவிட்டு, "யூசருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று எங்கள் துறையில் சலித்துக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. என் சித்தப்பா ஒரு புரோகிராமின் 5.9 பதிப்பு வைத்திருந்தார். 5.10க்கு மாறவா என்று அது கேட்கும்போதெல்லாம் "பழசை எதற்குப் போடச் சொல்கிறது?" என்று கேன்சல் செய்துகொண்டே இருந்தார். பள்ளியில் படித்ததைச் சரியாகத்தான் பயன்படுத்தினார். ஆனால் வைரஸ், திருட்டு போன்றவற்றுக்கு வழிவிடும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் பெரும்பாலும் இப்படிச் சின்ன எண் மாற்றத்தோடுதான் வருகின்றன. அவை கிடைக்காமலே போயின.

மனிதர்களை விடுங்கள். 9.11, 9.9 இவற்றில் எது பெரியது என்று கேட்டதற்கு, 2024ல் சாட்ஜிபிடி உள்ளிட்ட சில சாட்பாட்கள் 9.11 என்று பதில் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாயின!

தீர்வு கடினமா? இல்லை. உபுண்டுவில் 24.04 என்றால் 2024 ஏப்ரல், 24.10 என்றால் அக்டோபர். மாதத்திற்கு முன் ஒரு பூஜ்யம் போட்டதால் தசமமாகப் படித்தாலும், தேதியாகப் படித்தாலும் 24.10 தான் பெரியது. மற்றவர்களும் இதைச் செய்யலாமே? பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸெலில் பதிப்பு எண்களைப் பட்டியலிடுபவர்கள் கவனிக்க: 3.10 என்று டைப் செய்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 என்று காட்டும். பூஜ்யம் போய்விடும். முதலில் ஒற்றை மேற்கோள் குறி (') இட்டுப் பிறகு டைப் செய்யுங்கள். 3.10 அப்படியே நிற்கும்.