வள்ளி கும்மிக்கு சாதி வேலியா?

தொப்பம்பட்டி,

பழனி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் வட்டாரத்தில் பொழுது சாய்ந்தால் போதும், கோவில் மைதானங்களில் கும்மிப் பாட்டு கேட்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பேத்தி எடுத்த பாட்டி வரை வட்டம் கட்டி ஆடிப் பழகுகிறார்கள். அரங்கேற்றத்தன்று ஒரே நிறச் சேலையில் ஊரே கூடி நிற்கிறது.

இதற்கு டிக்கெட் கிடையாது. நேற்று வேடிக்கை பார்த்தவர் இன்று ஆட்டத்தில் நிற்கிறார். பொது இடத்தில் பொதுமக்களே நடத்தும் கலை என்றால் இதுதான்!

ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிய கும்மி இது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து மாற்றியவர், மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன். 87 வயதில், 2024-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு பிப்ரவரியில் பெருந்துறையில் சுமார் 16 ஆயிரம் பெண்கள் ஒரே மைதானத்தில் ஆடினார்கள்.

உறுதிமொழியால் சர்ச்சை

ஆனால் அதே 2024-ல்தான் அந்த வீடியோவும் பரவியது. கும்மி ஆட வந்த பெண்களிடம், சொந்த சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்கினார்கள். கடும் கண்டனம் எழுந்தது.

வள்ளி யார்? வேடர் வீட்டில் வளர்ந்து தினைப்புனம் காத்த பெண். முருகன் வேடனாக வந்தார், கிழவனாக வந்தார், காதலித்துக் கைப்பிடித்தார். குலம் பார்த்திருந்தால் அந்தக் கல்யாணமே இல்லை. கும்மியும் இல்லை! அந்தப் பாட்டைப் பாடிவிட்டு இந்த உறுதிமொழியா?

இது வெறும் பேச்சோடு போகிற விஷயமும் இல்லை. 2016 மார்ச் 13-ந் தேதி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, கலப்புத் திருமணம் செய்த வாலிபர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவியும் வெட்டுப்பட்டார். நடுரோட்டில் சிந்திய அந்த ரத்தத்தை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மைதானம் யாருக்குச் சொந்தம்?

"எங்கள் பாரம்பரியம், எங்கள் பெண்கள் ஆடுகிறார்கள், மற்றவர்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். சொந்தக் களத்தில் சொந்தக்காரர்கள் கூடி ஆடினால் யாரும் கேட்கப் போவதில்லை. பஞ்சாயத்து மைதானம் அப்படி அல்ல. அது ஊர்ச் சொத்து. பொது இடத்தில் தீண்டாமை காட்டி ஒருவரைத் தடுத்தால் 1955-ம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடுப்படியை விட்டு மைதானத்துக்குப் பெண்கள் வந்தது பெரிய காரியம். அதைக் கெடுக்க வேண்டாம். மைதானத்துக்கு அனுமதி கொடுப்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: காலனித் தெருப் பெண் வந்து நின்றால் வட்டத்தில் இடம் உண்டா?

உண்டு என்றால் அது வள்ளி கும்மி. இல்லை என்றால், தயவுசெய்து வள்ளி பெயரை எடுத்துவிடுங்கள்!