முப்பது யூனிட்டுக்கு யார் பேசுறது?

105, 360, 1300. இந்த மூன்றும் ஒரே வீட்டின் லைட் பில். மாதம் 30 யூனிட் எரிக்கிற வீடு. 2022 ஆகஸ்ட்டுக்கு முன்னர் அந்த வீட்டுக்கு யூனிட் 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105. ஆகஸ்ட்டில் கூட்டினார்கள், 360 ஆனது. 2023 பெப்ரவரியில் மறுபடி கூட்டினார்கள். யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா, மொத்தம் 1300. அந்த நேரம் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா. அதுவும் கிலோ சரியா வந்தாதான். ஒரு ஆள் முழு நாளும் மலையில் நின்று கொழுந்து பறித்தாலும் அந்த மாச லைட் பில்லுக்குக் காணாது.

செய்தியில் இப்படிச் சொல்லவில்லை. முதல் தடவை சராசரி 75 வீதம், இரண்டாவது தடவை 66 வீதம் என்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனா 30 யூனிட் வீட்டுக்கு ஏறியது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். சராசரி என்கிற சொல்லுக்குள்ள லயத்தை ஒளிச்சு வைக்கிறது எவ்வளவு சுலபம் பாருங்க.

"இப்போ குறைஞ்சிருச்சுதானே?" என்று கேட்பீங்க. குறைஞ்சதுதான். 2025 ஜூன் திருத்தத்துக்குப் பிறகு அதே 30 யூனிட்டுக்கு 215 ரூபா. ஏறும்போதும் நம்மள யாரும் கேட்கல, இறங்கும்போதும் கேட்கல. என் கோபம் அதுலதான்.

சட்டப்படி கேட்கத்தான் வேண்டும். கட்டண யோசனை வந்தால், இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைப் பரிசீலித்து, பொதுமக்களின் கருத்தை எழுத்திலும் வாய்மூலமும் கேட்டுத்தான் முடிவு சொல்லும். இது வெறும் சடங்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்றது, 2025 ஜனவரியில் ஆணைக்குழு 20 வீதம் குறைத்தது. சபை 6.8 வீதம் கூட்டக் கேட்டதை அதே வருடம் ஒக்டோபரில் ஆணைக்குழு மறுத்தது. அந்த மேசையில் வைக்கிற கணக்குக்கும் கேள்விக்கும் பெறுமதி இருக்கு. அதனால்தான் நாம அங்கே இல்லாதது நட்டம்.

சரி, யார் போறது? 2025இல் ஒன்பது மாகாணங்களிலும் அமர்வு நடத்தினார்கள், நல்ல விஷயம்தான். மத்திய மாகாணத்துக்கானது கண்டியில். மஸ்கெலியாவில் இருந்தோ டயகமவில் இருந்தோ ஒரு அக்கா அங்கே போக வேண்டுமானால் அன்றைக்குப் பேர் போச்சு, பஸ் காசு போச்சு. போய்ச் சேர்ந்தாலும் சில நிமிஷம்தான் பேசலாம். "பில் கட்ட முடியல ஐயா" என்று சொல்வார். உண்மைதான். ஆனா எதிர்ப் பக்கத்தில் இருப்பது உற்பத்திச் செலவு, நிலக்கரி விலை, நீர்மின் எதிர்பார்ப்பு, கடன் வட்டி என்று பக்கம் பக்கமா அட்டவணை. கண்ணீரால் அட்டவணைக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னொரு அட்டவணைதான் பதில் சொல்லும்.

அந்த இன்னொரு அட்டவணையைப் போடுவதற்கென்றே சில நாடுகளில் ஆள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1976இல் சட்டம் போட்டு நுகர்வோர் வழக்குரைஞர் அலுவலகம் ஒன்றை உண்டாக்கினார்கள். கம்பனி கட்டணம் கூட்டக் கேட்டால், இந்த அலுவலகம் பாவனையாளர் தரப்பாக வழக்கில் நிற்கும். கம்பனியின் கணக்கைக் கேட்டு வாங்கும், நிபுணர்களைக் கொண்டுவரும், கம்பனியின் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கும். செலவை அந்தக் கம்பனிகளிடமே அறவிடுகிறார்கள். இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டத்திலும் 94ஆம் பிரிவின் கீழ், பாவனையாளர் நலனுக்காக வாதாட ஒருவரை ஒழுங்குமுறை ஆணையம் நியமிக்கலாம். மகாராஷ்டிராவில் பூனாவின் பிரயாஸ் போன்ற அமைப்புகள் இப்படி அமர்ந்து கணக்கைப் பிரித்து மேய்ந்திருக்கின்றன. அங்கெல்லாம் பில் ஏறவே இல்லை என்று நான் சொல்ல வரல. ஏற்றுகிறவன் பதில் சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கு.

"நம்ம ஆணைக்குழுவே மக்களுக்காகத்தானே இருக்கு?" இந்தக் கேள்விக்கு 2023 பதில் சொல்லிவிட்டது. பெப்ரவரிக் கட்டண உயர்வை அப்போதைய தலைவர் ஜனக ரத்நாயக்க வெளிப்படையாக எதிர்த்தார். கட்டணம் ஏறியது. மே மாதம் பாராளுமன்றம் 123க்கு 77 என்று வாக்களித்து அவரைப் பதவியில் இருந்து நீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்பது வேற விவாதம். நான் பார்ப்பது இதைத்தான்: ஆணைக்குழு நீதிபதி மாதிரி. மின்சாரம் தருபவரும் நொடிக்கக் கூடாது, பாவனையாளரும் நொடிக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியவர்கள். நீதிபதியே நமக்கு வக்கீலா இருப்பார் என்று நம்பினால், நீதிபதி மாறின அன்றைக்கே நமக்கு ஆள் இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாவனையாளர் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கு. பேரிலேயே தெரியுது, ஆலோசனை. நமக்குத் தேவை வழக்காடுகிற ஆள்.

அந்த ஆளும் கொழும்புக்கு மட்டும் பேசுகிறவராக இருந்தால் பிரயோசனம் இல்லை. "வீட்டுப் பாவனையாளர்" என்ற ஒரே பெட்டிக்குள் கொள்ளுப்பிட்டியின் ஏசி வீடும் இருக்கு, அட்டனின் பத்தடி காம்பராவும் இருக்கு. நம்ம பக்கம் மகன் கல்யாணம் முடித்தால் காம்பராவுக்குப் பக்கத்திலேயே தகரம் அடிச்சு ஒரு குடிசை இறக்குவாங்க. வயர் அதே மீட்டரில் இருந்துதான். ஆளுக்கு 30 யூனிட் எரித்தாலும் மீட்டரில் 60 காட்டும். குறைந்த பாவனைக்கான சலுகை போச்சு. இன்னும் ஒரு யூனிட் கூடினால் முதல் யூனிட்டில் இருந்தே வேற விலை. கட்டண அட்டவணை மீட்டரை எண்ணுது, குடும்பத்தை எண்ணல. காணி உரிமை இல்லாத, வீடு கட்ட இடம் இல்லாத ஒரு சமூகத்துக்கு இது லைட் பில் வழியா வருகிற தண்டனை. இதைக் கட்டணம் கூட்டக் கேட்கிறவர்கள் தானா வந்து சொல்ல மாட்டாங்க. ஆணைக்குழுவுக்கும் யாராவது சொன்னால்தான் தெரியும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அதில் நியாயமும் இருக்கு. பழைய 2 ரூபா 50 சதம் உற்பத்திச் செலவில் ஒரு துளிக்கும் காணாது, சபை கடனில் மூழ்கியது, செலவை ஈடுசெய்யும் கட்டணம்தான் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியமும் சொன்னது. சரி, ஏத்துக்குறேன். விலை ஏற வேண்டிய இடத்தில் ஏறட்டும். ஆனா அந்தச் சுமையை யார் எவ்வளவு தூக்குவது என்பது கணிதம் மட்டும் இல்லை, அது ஒரு தீர்மானம். பன்னிரண்டு மடங்கு என்று தீர்மானித்த மேசையில், "ஏன் பன்னிரண்டு? ஏன் ஐந்து இல்லை?" என்று கேட்கிற பொறுப்புள்ள ஆள் ஒருவர் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை எல்லாம் யாருடைய மலையில் இருக்கு? லக்ஷபானவுக்குத் தண்ணி போகிற வழியில்தான் நம்ம தோட்டங்கள். பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள்ள போச்சு. அதற்காக இலவச கரண்ட் கேட்கல. பேச ஒரு நாற்காலி கேட்கிறோம்.

நம்ம தொழிற்சங்கங்களையும் கேட்க வேண்டியிருக்கு. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா வெட்டுப்படுது. சம்பளம் கூட்டச் சொல்லி வருஷக்கணக்கா மேடை போடுறாங்க. ஒரு கையால் கூட்டி வாங்கியதை லைட் பில் மறு கையால் எடுத்துட்டுப் போகும்போது, சங்கத்தின் கணக்கு எங்கே? ஒரு கட்டண யோசனையை வாசித்து, தமிழில் விளக்கி, தோட்ட வீடுகளின் பில்களைச் சேர்த்து ஆணைக்குழுவுக்கு எழுத ஒரு மேசையும் இரண்டு பிள்ளைகளும் போதும். வேலை இல்லாமல் இருக்கிற பட்டதாரிகள் நம்மிடம் இல்லையா?

கேட்பது மூன்று விஷயம். பாவனையாளர் தரப்புக்குச் சட்டப்படி ஒரு பிரதிநிதி, ஆளணியோடும் கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமையோடும். அட்டனிலோ நுவரெலியாவிலோ, ஞாயிற்றுக்கிழமையில், தமிழில் ஒரு அமர்வு. ஒரே மீட்டரில் எத்தனை குடும்பம் என்று தோட்டங்களில் ஒரு கணக்கெடுப்பு.

மூன்றாவதுக்கு யாரையும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போறவங்க உங்க லயத்தின் பில்களைப் போட்டோ எடுங்க. மீட்டர் எத்தனை, அடுப்பு எத்தனை என்று எழுதி வையுங்க. அடுத்த கட்டண யோசனை வரும்போது நம்ம கையிலும் ஒரு அட்டவணை இருக்கணும்.