ஆல்பியின் பாட்டி

அபத்த நாடகம் என்றாலே தலையும் புரியாது வாலும் புரியாது என்று நண்பர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எட்வர்ட் ஆல்பியின் ‘தி அமெரிக்கன் ட்ரீம்’ (1961) அப்படியல்ல.

பிரெஞ்சில் படித்த எனக்கு அயனெஸ்கோ முன்பே பழக்கம். அவர் கேலி செய்தது வெற்றுப் பேச்சை. ஆல்பியும் அங்கேதான் தொடங்குகிறார். வாங்கிய தொப்பியின் நிறத்தைப் பற்றி அம்மா அளக்கிறாள், அப்பா தலையாட்டுகிறார். பிறகு வருகிறது கணக்கு. காசு கொடுத்துத் தத்தெடுத்த பிள்ளை சொன்னபடி கேட்கவில்லை என்று அங்கம் அங்கமாகச் சிதைக்கிறார்கள். அது செத்ததும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்! ஆல்பியே பணக்கார வீட்டின் தத்துப்பிள்ளை. குமாஸ்தாவாக எத்தனையோ மனுக்களைப் பார்த்த நான், இதைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆனால் எனக்கு நாடகமே அந்தப் பாட்டிதான். அந்த வீட்டில் புத்தியோடு பேசுகிறவள் அவள் ஒருத்தி. வண்டிக்காரன் வந்து உன்னைக் கொண்டுபோய்விடுவான் என்று பெற்ற மகளே மிரட்டுகிறாள். பாட்டி தன் பெட்டிகளை அழகாகக் கட்டிக்கொண்டு தானே கிளம்பிவிடுகிறாள். வண்டிக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றதும் மகள் கலங்குகிறாள். அப்படி ஒருவனே கிடையாதே, நாம் கட்டிய கதைதானே என்கிறாள்.

கொஞ்ச நேரம்தான். வந்திருக்கும் அழகான வாலிபனைப் பார்த்ததும் எல்லோரும் மதுக் கோப்பையை எடுத்துக்கொள்கிறார்கள்.