சலத்தில் பக்டீரியா இருந்தாலே நோயா?

பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் அம்மா ஒரு நாள் சோர்ந்து கிடந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, சலம் மணத்தாலோ, ரொறன்ரோவில் பிள்ளைகள் முதலில் கேட்பது சலப் பரிசோதனையைத்தான். அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனால் பல வேளைகளில் அது தேவையற்ற அன்ரிபயோட்டிக்கில் போய் முடிகிறது. இத்தகைய இல்லங்களில் வாழும் பெண்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை எந்த உபாதையும் இல்லாமலே சலத்தில் பக்டீரியாவோடு இருக்கிறார்கள். பெண்களின் சிறுநீர்வழி சுமார் 4 சென்ரிமீற்றர் நீளந்தான். குடலில் வாழும் ஈ.கோலை எளிதில் மேலேறிவிடும். மாதவிடாய் நின்றபின் இயற்கைக் காப்பும் குறைகிறது. நம்மவரிடையே பரவலாக உள்ள நீரிழிவு, முழுதாக வெறுமையாகாத சலப்பை, கதீற்றர் எல்லாம் அதற்கு மேலும் வழிவிடுகின்றன. ஆகவே பரிசோதனை செய்தால் ஏதாவது வளரத்தான் செய்யும். அம்மாவின் சோர்வுக்கு அதுதான் காரணம் என்று அந்த முடிவு சொல்லாது.

முடிவை அனுப்பாவிட்டால் தேவையற்ற மருந்து குறையுமா என்று ரொறன்ரோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனை சோதித்துப் பார்த்தது. கதீற்றர் இல்லாத உள்நோயாளிகளின் சல வளர்ப்பு முடிவுகளை ஆய்வுகூடம் தானாக அனுப்புவதை நிறுத்தியது. தொற்று என்று வலுவாகச் சந்தேகித்த மருத்துவர் தொலைபேசியில் கேட்டுப் பெறக்கூடியதாக இருந்தது. அறிகுறியில்லாதவர்களுக்கு மருந்து கொடுப்பது 48 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது என்று 2014இல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்கிறது. சிறிய ஆய்வுதான், ஆயினும் சிகிச்சையின்றி விடப்பட்ட தொற்று எதுவும் அதில் காணப்படவில்லை. மறுபக்கத்தில், ஒன்ராறியோவில் 2023 ஜனவரி முதல், சிக்கலற்ற சலக்கடுப்புள்ள பெண்களுக்கு மருந்தாளரே அறிகுறிகளைக் கேட்டு மருந்து எழுதலாம். இரண்டிலும் நோயைத் தீர்மானிப்பவை அறிகுறிகளே. கர்ப்பிணிகளும் சில சிறுநீரியல் சத்திரசிகிச்சைகளுக்குச் செல்வோரும் விலக்கு. அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவை.

மறதிநோய் உள்ளவர் எரிவைச் சொல்லமாட்டாரே, காத்திருந்து தொற்று இரத்தத்தில் பரவினால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. காய்ச்சல், நடுக்கம், விலாவலி, சலத்தில் இரத்தம், புதிதாக வந்த அடக்கமுடியாமை இருந்தால் உடனே பரிசோதியுங்கள், தாமதம் வேண்டாம். இவை எதுவுமின்றித் தடுமாற்றம் மட்டும் இருந்தால் நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மாத்திரை, தூக்கமின்மை ஆகியவற்றைத் தேடவேண்டும். சலத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்தத் தேடல் நின்றுவிடுகிறது. வீணாகக் கொடுத்த அன்ரிபயோட்டிக் சி.டிஃபிசில் என்ற பக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். உண்மையான தொற்று வரும்போது மருந்துக்கு அடங்காத கிருமியை எதிர்கொள்ள நேரலாம். ஆங்கிலம் பேசாத தாயிடம் எரிவு, வலி, அவசரம் பற்றித் தமிழில் விசாரித்து, என்றிலிருந்து என்ன மாறியது என்று தாதியிடம் சொல்லும் பிள்ளை, பரிசோதனைக் குப்பியைவிட அதிகம் உதவுகிறார். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அதே கேள்விகளைத் தமிழில் கேட்க இல்லங்கள் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவேண்டும்.