அம்மாவுக்கு மாலை போட ஆளைத் தூக்காதீங்க



கொஞ்சம் நீளமான பதிவுதான். பாதியில விட்டுடாம முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

"இந்த வருஷத் திருவிழாவுக்கும் மெஷின் ரெடி, ஃப்ரீ" என்று குரூப்பில் செய்தி வந்திருக்கிறது. கீழே வரிசையா கும்பிடுற கை படம். நாங்க போடல. ஏன் போடலன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. நாங்கன்னா யாரு? பந்தல் கட்டுறது, ரதம் தள்ளுறது, அன்னதானத்துக்கு அண்டா கழுவுறது, தீமிதி குழிக்கு விறகு அடுக்குறது, எல்லாம் நாங்கதான். அந்த மெஷின்ல மேலே ஏறப்போறதும் நாங்கதான்.

அந்த மெஷினுக்கு டெலிஹேண்ட்லர்னு பேரு. பார்க்க ஃபோர்க்லிப்ட் மாதிரி இருக்கும், ஆனா அதன் கை முன்னாலயும் மேலயும் நீளும். உரமூட்டை, பலகை, இரும்பு தூக்க வந்த சாமான். நம்ம கோயில்ல அதோட முள்ளுல ஒரு மரப் பேலட்டைச் சொருகி, ரெண்டு பையன்களை நிக்க வச்சு, ரதத்து உச்சியில மாலை போட வைக்கிறோம். கட்டிக்க ஒரு பெல்ட் கிடையாது, பிடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது.

போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு அன்னிக்கு வந்தவங்களுக்குத் தெரியும். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல. கையைத் தூக்கினபடியே மெஷின் ரதத்துக்குப் பின்னால நகர்ந்துச்சு. வலது டயர் காண்டா ஓரத்து ஈர மண்ணில இறங்க, இடது டயர் ஒரு சாண் மேலே எழும்புச்சு. மேலே நின்ன பையன் பேலட்டை விட்டுட்டு ரதத்து மூங்கிலைப் பிடிச்சுத் தொங்கினான். கீழே குடத்தோட குழந்தைங்க. அடுத்த நொடி மெஷின் தானா உட்கார்ந்துடுச்சு. கூட்டம் "ஓம் சக்தி!"ன்னு கத்துச்சு. அந்த வீடியோவை அம்மனோட அற்புதம்னு ஷேர் பண்ணினோம். அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்திலயும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. தப்பு எங்க மேலயும் இருக்கு. நாங்களும் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தோம்.

எல்லா ஊர்லயும் மெஷின் திரும்ப உட்காருவதில்லை. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டை மாவட்டம், நெமிலி பக்கத்தில் கீழ்வீதி கிராமம். மண்டியம்மன் கோயில் மயிலேறு திருவிழா. 2023 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மேலே இருந்தபடி பக்தர்களிடம் மாலை வாங்கி சாமிக்குச் சாத்த கிரேன் வைத்தார்கள். கூட்டத்துக்கு நடுவிலேயே கிரேன் சாய்ந்தது. நாலு பேர் போனார்கள். அதில் ஒருவன் பதினேழு வயசுப் பையன். கிரேன் ஓட்டுநரைப் போலீஸ் கைது செய்தது. அவங்களும் நம்மள மாதிரி அம்மாவை நம்பினவங்கதான். நம்ம பக்தி பெரிசு, அவங்க பக்தி சின்னதுன்னு யாராவது சொல்ல முடியுமா?

அதனால முதல்ல இந்த "அம்மா பாத்துக்குவா" பேச்சுக்கு வர்றோம். அம்மா பாத்துக்குவா, சத்தியம். கண்ணும் புத்தியும் அவதான் கொடுத்தா. அதைப் பயன்படுத்தாம, நாம பாக்க வேண்டியதையும் அவ தலையில கட்டுறது நம்பிக்கை இல்லை, சோம்பேறித்தனம். தீமிதிக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்துதான் இறங்குறோம். குழியை அளந்து, தணலைத் தட்டிச் சமன் பண்ணி, கடைசியில பால் குழியும் வெட்டி வைக்கிறோம். நெருப்புக்கு இத்தனை முறை இருக்கு. மெஷினுக்கு மட்டும் ஒரு முறையும் வேணாமா?

அடுத்தது, "நாலு டன் தூக்குற மெஷின், ரெண்டு பையன் என்ன கனம்?" இதைத்தான் எல்லாரும் கேக்குறீங்க. வீட்டில ஒரு வாளி தண்ணியை உடம்போட ஒட்டித் தூக்கிப் பாருங்க. அதே வாளியைக் கையை முன்னால நீட்டித் தூக்குங்க. முடியுதா? மெஷினுக்கும் அதே கதைதான். நாலு டன் என்பது கை மடங்கி இருக்கும்போது. முழுசா முன்னால நீட்டினா பல மெஷின்கள் அதில் கால் பங்குகூட தாங்காது. எவ்வளவு நீட்டினா எவ்வளவு தாங்கும்னு டிரைவர் சீட் பக்கத்திலயே அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையும் சமமான, கெட்டியான தரைக்குப் போட்டது. நம்ம வாசல் அப்படியா இருக்கு? ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் காண்டா, நடுவில் ரதம் போன பள்ளம்.

கனத்தைவிட மோசம் சாய்வும் அசைவும். மெஷின் 3 டிகிரி சாய்ஞ்சா கீழே நிக்கிறவங்க கண்ணுக்கே தெரியாது. 12 மீட்டர் உயரத்தில் அது 60 சென்டிமீட்டருக்கு மேல் நகர்வு. அதே நேரம் பையன் மாலை வாங்கக் குனியுறான், டிரைவர் சடக்குன்னு பிரேக் போடுறார், ரதம் இழுக்குற கூட்டம் டயரைத் தள்ளுது. அதனாலதான் கையைத் தூக்கிட்டு மெஷினை ஓட்டக்கூடாதுங்கறது ஓட்டுறவனுக்குச் சொல்லித் தர்ற முதல் பாடம். நாம அதைத்தான் ஊர்வலமா பண்றோம்.

மூணாவது, கரண்ட். தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 விடிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அங்கே மெஷின்கூட இல்லை, வெறும் தேர்தான். நம்ம ரதம் போற பாதையில எத்தனை இடத்தில தெனாகா கம்பி குறுக்கே போகுதுன்னு யாராவது எண்ணியிருக்கோமா? 2013-ல் சிரம்பான்–கெமாஸ் இரட்டைத் தண்டவாளம் வந்ததிலிருந்து நம்ம ஊர் ரயில் பாதைக்கு மேலே ஓடுறது 25,000 வோல்ட். அந்த மாதிரிக் கம்பியைத் தொடணும்னுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். அந்த நீட்டுக் கையோட நுனியில நம்ம வீட்டுப் பையன் நிக்கிறான், இடுப்பில ஈர வேட்டியோட.

"ஃப்ரீயா கிடைக்குது, வேணாம்னு சொல்லலாமா?" மெஷின் ஃப்ரீ. உயிர் ஃப்ரீயா? உபயம் பண்றவரை நாங்க குறை சொல்லல. நல்ல மனசோடதான் அனுப்புறார். ஆனா உபயமா வந்த பால் கெட்டுப் போயிருந்தா அபிஷேகத்துக்கு ஊத்துவோமா? பார்த்துத்தானே வாங்குவோம்.

சட்டத்தையும் சொல்லிடுறோம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-ல் வந்தது. அதைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும்படி ஆக்கிவிட்டார்கள். முதலாளி தன் வேலையாளை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வேலையால் மற்றவர்களுக்கும் ஆபத்து வரக்கூடாது என்கிறது 17-ஆம் பிரிவு. அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது 500,000 வரை ஏறியிருக்கிறது, சிறையும் உண்டு. உயிருக்கு ஆபத்து கண்முன்னே இருந்தால் வேலையாள் அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்றும் புதுசாகச் சேர்த்திருக்கிறார்கள். கூலி வாங்குறவனுக்கு அந்த உரிமை இருக்கு. கும்பிட்டுக்கிட்டு சும்மா உழைக்கிறவன் வேணாம்னு சொன்னா மட்டும் "பக்தி இல்லாதவன்" பட்டமா?

நம்ம ஆலயம் யாரோ ஒருத்தர் சொத்து இல்லை. சங்கப் பதிவிலாகாவில் பதிஞ்ச, உறுப்பினர்களோட ஆலயம். ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்தது நாமதான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா டிரைவரைக் காட்டிட்டு ஒதுங்க முடியாது. ஏறுன்னு சொன்னது நாம, கை தட்டினது நாம, வீடியோ எடுத்ததும் நாம.

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாகத்தில் உள்ள அண்ணன்மார், அக்காமாருக்கும் நாங்க கேக்குறது இவ்வளவுதான்:

1. பேலட்டிலயோ வெறும் முள்ளிலயோ மனுஷனை ஏத்தக் கூடாது. மேலே ஆள் போயே ஆகணும்னா, ஆள் ஏறுறதுக்குன்னே செஞ்ச கூண்டு உள்ள மெஷின், உடம்பில கட்டுற பெல்ட், பயிற்சி எடுத்த டிரைவர், செல்லுபடியாகும் தகுதிச் சான்று. எல்லாத்தையும் திருவிழாவுக்கு முன்னாடியே கையில வாங்கிப் பாருங்க. சந்தேகம்னா ஜே.கே.கே.பி.யைக் கேளுங்க.

2. அலங்காரம், விளக்கு, தோரணம் எல்லாம் முதல் நாளே முடியணும். கூட்டம் வந்த பிறகு வாசலில் மெஷின் ஓடக்கூடாது.

3. மெஷின் நிக்கிற இடத்தை முதல்லயே நடந்து பார்க்கணும். காண்டா மூடி, நிரவின மண், சாய்வு, கம்பி நாலும் பார்க்கணும். கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தணும். சைகை காட்ட ஒரே ஆள், ஊரே கத்தக் கூடாது.

4. மெஷின் கம்பியில பட்டுட்டா யாரும் ஓடிப்போய்த் தொடாதீங்க. டிரைவர் உள்ளேயே உட்காரணும். தீப்பிடிச்சா மட்டும், மெஷினையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாம, ரெண்டு காலும் சேர்ந்தபடி குதிச்சு, காலை அகட்டாமத் தத்தித் தத்தி விலகணும். 999-க்கும் தெனாகா 15454-க்கும் போன் பண்ணுங்க.

மாலை எப்படிப் போடுறது? ரதத்து உச்சியில ஒரு கப்பி மாட்டுங்க. கீழேருந்து கயிறு இழுத்தா மாலை தானா ஏறும். கொடியேத்தத் தெரிஞ்ச நமக்கு இது பெரிய வித்தையா? ஆளுக்கு ஒரு தரம் கயிறு பிடிக்கலாம். இப்போ ரெண்டு பேருக்குக் கிடைக்கிற பாக்கியம் இருநூறு பேருக்குக் கிடைக்கும். பாட்டிமாரும் பிடிக்கலாம்.

ட்ரோன் படத்தில நல்லா இருக்காது, அது உண்மைதான். அம்மா ட்ரோன்ல பாக்கறதில்லை.

இந்த வருஷம் வழக்கம்போல நாங்க எல்லா வேலைக்கும் வருவோம். பந்தலுக்கு, அன்னதானத்துக்கு, ரதத்துக்கு, கடைசிக் குப்பை அள்ளுற வரைக்கும். அந்தப் பேலட்டில மட்டும் ஏற மாட்டோம். எங்க தம்பிகளையும் ஏற விட மாட்டோம். கோவம் வந்தா எங்களைத் திட்டுங்க, பரவாயில்லை. ஆனா போன வருஷம் மூங்கிலைப் பிடிச்சுத் தொங்கின பையனோட அம்மாவை ஒரு தரம் நினைச்சுட்டுத் திட்டுங்க. அன்னிக்கு அந்த அக்கா ரதத்துக்கு முன்னாடி ஆரத்தித் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தாங்க.

ஓம் சக்தி.
இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள், கெமாஸ்